கொல்லிமலை ஸ்கூல்ல எங்க டீச்சரோட கடைசி வாரம்

புதன் ராத்திரி, சேந்தமங்கலம்

கோயம்புத்தூர்ல இருந்து ஈரோடு, திருச்செங்கோடு வழியா நாமக்கல் வந்து, அங்க டவுன் பஸ் புடிச்சு சேந்தமங்கலத்துல எறங்கறப்ப எட்டு மணி ஆயிடுச்சு. ஏப்ரல் கடைசி, ராத்திரியிலயும் காத்து சூடாதான் அடிக்குது. நாளைக்குக் காலைல மலை ஏறணும்.

எங்க டீச்சர் ரிட்டயர் ஆகறாங்க, அதுக்குத்தான் வந்திருக்கேன். ராசிபுரம் பக்கம் நான் நாலாவது அஞ்சாவது படிக்கறப்ப அவங்கதான் கிளாஸ் டீச்சர், எங்க வீட்ல பொம்பளப் புள்ள அஞ்சாவது படிச்சா போதும்னு பேச்சு ஓடிட்டு இருந்த நேரம், டீச்சர் வீட்டுக்கே வந்து எங்கப்பாகிட்ட உக்காந்து பேசி ஆறாவது சேத்துவிட்டாங்க. அப்புறம் அவங்க ஊர் ஊரா மாறி, ப்ரமோஷன்ல கொல்லிமலை மேல ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு ஹெச்எம்மா போனாங்க, போனவங்க கீழ எறங்கவே இல்ல. ஒவ்வொரு வருஷ இடமாறுதல் கவுன்சிலிங்லயும் கீழ இடம் காலியா இருந்தும் கேக்கல. வீடு இங்க சேந்தமங்கலத்துல, தெனமும் முதல் பஸ்ல மலை ஏறி சாயங்காலம் எறங்கறாங்க. அந்த ஊர் பேரையும் புள்ளைங்க பேரையும் நான் எழுதப் போறதில்ல, எல்லாம் சின்னப் புள்ளைங்க.

அவங்களுக்கு டிசம்பர்லயே 60 முடிஞ்சிருச்சு. வாத்தியாருங்களுக்கு நடு வருஷத்துல வயசு முடிஞ்சா கல்வியாண்டு முடியற வரைக்கும் மறுநியமனம் குடுப்பாங்க, அதுல இத்தன மாசம் ஓடுச்சு. ஓய்வு வயசு முன்ன மாதிரி 58-ஆவே இருந்திருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருப்பாங்க. 2020-ல 59 ஆக்கி, 2021-ல 60 ஆக்குனதாலதான் இப்ப எட்டாவது முடிக்கற புள்ளைங்களுக்கு அவங்க கெடச்சாங்க.

சாப்டு முடிச்சதும் வெள்ளிக்கெழம விழாவுக்கு எந்தப் புடவ டீச்சர்னு கேட்டேன். அத விடுன்னுட்டு ஒரு நீள நோட்ட எடுத்துப் போட்டாங்க. எட்டாவதுல 11 பேரு. பேரு, ஒம்பதாவது எந்த ஸ்கூலு, சாதிச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், அப்பா அம்மா எங்க வேலைக்குப் போயிருக்காங்கன்னு கட்டம் கட்டமா எழுதி வெச்சிருக்காங்க. ஒம்பதாவது எந்த ஸ்கூல்ங்கற கட்டத்துல நாலு இடம் இன்னும் காலி. "இது ரொம்பாம நான் எப்படி மாலை வாங்கறது கண்ணு"ன்னாங்க.

மலை மேல புள்ளைங்க படிப்ப விடறது பெரும்பாலும் இந்த எடத்துலதான். எட்டாவது வரைக்கும் ஸ்கூல் ஊருக்குள்ளயே இருக்கு, ஒம்பதாவதுக்குப் பஸ் ஏறணும், இல்ல ஹாஸ்டல்ல தங்கணும். மே மாசம் லீவு, அப்பா அம்மா கேரளா பக்கம் வேலைக்குப் போறப்ப புள்ளையும் கூடப் போவும், ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்ப திரும்பி வராது. அவ்வளவுதான், யாரும் நிறுத்துறேன்னு சொல்லி நிறுத்தறதில்ல.


வியாழன் ராத்திரி, செம்மேடு

ஸ்கூல் பக்கம் டவரே கெடையாது, செம்மேடு வந்து லாட்ஜ்ல உக்காந்து எழுதறேன். டீச்சர் சாயங்கால பஸ்ல கீழ போயிட்டாங்க, நான் மேலயே தங்கிட்டேன்.

காலைல பஸ் காரவள்ளி வந்ததும் ஏத்தம் ஆரம்பிக்குது. 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட போர்டு. டீச்சர் ஜன்னலோரமா உக்காந்து, இந்த போர்டுங்களத்தான் ஒண்ணாவது புள்ளைங்களுக்கு எண் சொல்லிக் குடுக்க வெச்சுக்கிட்டேன்னு சொன்னாங்க. எல்லா வளைவையும் போட்டோ எடுத்து அட்டைல ஒட்டி வெச்சிருக்காங்க, சேந்தமங்கலத்துக்கு அப்பாகூட சந்தைக்கு எறங்கிப் போன புள்ள 23-க்கு அப்புறம் 24-னு கண்ணால பாத்ததயே கிளாஸ்ல சொல்லும். பாடப் புத்தகத்துல ரயில் பெட்டிய எண்ணச் சொல்லி இருக்கும், இங்க ரயில பாக்காத புள்ளைங்கதான் நெறைய.

மேல போகப் போக குளுந்து வந்துச்சு. சோளக்காட்டுல எறங்குனவங்க கூடையோட எறங்கினாங்க, பலா சீசன் இப்பதான் ஆரம்பிக்குது. ரோட்டோரம் பூரா சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏறி நிக்குது, ஒரு மழை பெஞ்சிருக்கும் போல, காபிச் செடி வெள்ளையா பூத்திருந்துச்சு, அந்த வாசம் பஸ்ஸுக்குள்ளயே வந்துச்சு. செம்மேட்டுல வல்வில் ஓரி செலகிட்ட எறங்கி ஷேர் ஆட்டோ, அதுக்கு மேல நட.

ஸ்கூல் போறப்ப மணி ஒம்பது ஆகல. மொத ரெண்டு நிமிஷத்துல கண்ணுல பட்டது என்னன்னா, சின்னப் புள்ளைங்க காலைச் சிற்றுண்டி சாப்டு கையக் கழுவிட்டு இருக்காங்க, ஆறு ஏழு எட்டு படிக்கறதுங்க தூரமா நின்னு பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கு. காலை உணவு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும்தான். 2022 செப்டம்பர்ல தொடங்கி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்க வகுப்புக்கும் வந்த நல்ல திட்டம், நான் மனசாரப் பாராட்டறேன், ஆனா ஒரே வீட்ல இருந்து ஒரே ஒத்தையடிப் பாதைல நடந்து வர்ற அக்காவும் தம்பியும்ல தம்பிக்கு மட்டும் பொங்கல் கெடைக்குது. மதியச் சத்துணவும் 1982-ல ஆரம்பிச்சப்ப சின்ன வயசுப் புள்ளைங்களுக்குத்தான், ரெண்டு வருஷம் கழிச்சு 1984-லதான் பத்து வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் கொண்டு வந்தாங்க. அதே மாதிரி இதையும் எட்டாவது வரைக்கும் கொண்டு வரணும்.

இந்த ஸ்கூல்ல அந்தக் குறைய இத்தன நாளா சரி பண்ணிட்டு இருந்தது சத்துணவு ஆயாம்மா. காலைல சீக்கிரமே வந்து, தன் வீட்ல இருந்து கொண்டு வந்த கேழ்வரகுல கூழ் கரைச்சு, பசியோட வர்ற பெரிய புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் குடுப்பாங்களாம். அவங்களும் இந்த வருஷத்தோட வேலைல இருந்து நிக்கறாங்க. இது எனக்குத் தெரியாது, விழா அழைப்பிதழ்ல டீச்சர் பேரு மட்டும்தான் இருந்துச்சு. டீச்சர்கிட்ட கேட்டா, அழைப்பிதழ் அடிச்சது பழைய மாணவருங்க, நான் பாக்கறதுக்குள்ள அடிச்சு வந்துருச்சு, மேடைல பாத்துக்கலாம்னாங்க.

மதியம் பரீட்சை முடிஞ்சதும் டீச்சர் என்னையும் கூட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போனாங்க. நோட்டுல காலியா இருந்த நாலு கட்டத்துல ஒண்ணு அந்த வீடு. ஒரு பொண்ணு, இந்த வருஷம் என்எம்எம்எஸ் பாஸ் பண்ணிருக்கா.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது எட்டாவது படிக்கறப்ப எழுதற தேசிய வருவாய் வழி திறன் பரீட்சை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் புள்ளைங்களுக்கு மட்டும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். 90 மார்க்குக்கு மனத்திறன், 90 மார்க்குக்குப் பாடம். தமிழ்நாடு முழுக்க 6,695 பேருக்குத்தான் இடம். தேர்வானா ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபாய், நாலு வருஷத்துல 48,000. கீழ டவுன்ல இருக்கற பெரிய ஸ்கூல் புள்ளைங்களோட போட்டி போட்டு இந்தக் குட்டி ஸ்கூல்ல மூணு பேரு பாஸ். டீச்சர் சேந்தமங்கலத்துல பழைய கொஸ்டின் பேப்பர ஜெராக்ஸ் எடுத்து, சனிக்கெழமையும் மலை ஏறி நடத்துனதுக்கு வந்த பலன் அது.

அவங்கப்பாவுக்கு உண்டு உறைவிடப் பள்ளில சேக்கணும்னு ஆசை, அங்க சாப்பாடு, தங்கறது எல்லாம் அரசாங்கமே பாத்துக்கும், புள்ள பத்திரமா இருக்கும். ஆனா என்எம்எம்எஸ் விதிப்படி, தங்க வெச்சு சாப்பாடு போட்டுப் படிக்க வைக்கற அரசு உறைவிடப் பள்ளில படிச்சா இந்தப் பணம் கெடையாது. பணம் வேணும்னா சாதாரண அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகணும், இவங்க ஊர்ல இருந்து அதுக்கு பஸ் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அது வராத நாள் நடக்கணும், காடு. அப்பா ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு, "நீங்க சொல்றதுதாங்க டீச்சர், நீங்களே ஒண்ணச் சொல்லுங்க"ன்னு நிக்கறாரு.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தப் பொண்ணக் கூப்ட்டு பக்கத்துல உக்கார வெச்சு, "உனக்கு எது தோணுது"ன்னு கேட்டாங்க. அது கீழ பாத்துக்கிட்டே, ஹாஸ்டல் இருந்தா லீவு போடாமப் படிச்சிருவேன் டீச்சர்னு சொல்லுச்சு. "அப்ப அங்கயே சேத்துருங்க, 48,000 பெரிய பணம்தான், எனக்குத் தெரியும், ஆனா மழைக்காலத்துல பஸ் வரலன்னு புள்ள நாலு நாள் நின்னுச்சுன்னா அஞ்சாவது நாள் போகாது, பணம் இன்னொரு பரீட்சை எழுதிக்கூட வாங்கிக்கலாம்"னாங்க. பதினொண்ணாவதுல தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கு, அதுல 1500 பேருக்கு மாசம் 1500 ரூபாய் ரெண்டு வருஷத்துக்குக் குடுக்கறாங்க, அதையும் நோட்டுல அந்தப் பொண்ணு பேருக்கு நேரா எழுதிக்கிட்டாங்க.

திரும்பி வர்றப்ப எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. ஸ்கூலுக்குப் பக்கத்துல வீடு இருக்கற புள்ளைக்கு அந்தப் பணம் வரும், காட்டுக்குள்ள வீடு இருக்கற புள்ள அத விட்டுக் குடுக்கணும். சாப்பாடு கெடைக்குது, அதனால பணம் வேண்டாம்னு விதி போட்டவங்க நெனச்சிருக்கலாம், ஆனா அந்தப் புள்ள அதே பரீட்சைய எழுதி அதே மார்க் எடுத்திருக்கு. இது மாத்த வேண்டிய விதி.


வெள்ளி ராத்திரி, செம்மேடு

விழா இன்னைக்கு. கை வலிக்கற வரைக்கும் எழுதப் போறேன், ஒண்ணும் விட்டுறக் கூடாது.

காலைல பத்து மணிக்கு ஊர்க்காரங்க கல்விச் சீர் கொண்டு வந்தாங்க. மேளத்தோட, தாம்பாளத் தட்டுல நோட்டு, பேனா, சுவர்க் கடிகாரம், பாய், சில்வர் குடம், ஒருத்தர் தலைமேல பீரோவே வெச்சு தூக்கிட்டு வந்தாரு, கூட ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்க. அதுல ஒரு பாட்டி சாமை அரிசி ஒரு படி முந்தானைல முடிஞ்சு கொண்டு வந்து தட்டுல கொட்டுச்சு. கல்யாணத்துக்குச் சீர் வைக்கற மாதிரியே ஸ்கூலுக்கு வைக்கறாங்க, நான் படிச்ச காலத்துல இதெல்லாம் கெடையாது.

வட்டாரக் கல்வி அலுவலர் வந்தாரு, உயர்நிலைப் பள்ளி ஹெச்எம் சார் வந்தாரு, டீச்சர்கிட்ட படிச்சவங்க கீழ இருந்து ஒரு வேன் நெறைய வந்தோம். புள்ளைங்க கும்மி ஆடுச்சு, சினிமாப் பாட்டுக்கு ஆடுச்சு, ஜெனரேட்டர் நடுவுல நின்னு போயி பாட்டில்லாமலே மீதி ஆடி முடிச்சாங்க, கூட்டம் கைதட்டியே தாளம் போட்டுச்சு.

அப்புறம் பரிசு. என்எம்எம்எஸ் மூணு பேரு மேடைக்கு வந்தாங்க, கலைத் திருவிழால மாவட்டம் வரைக்கும் போன பையன் வந்தான், அழகான கையெழுத்துக்கு ரெண்டு பேரு, எல்லாருக்கும் பேர் வெட்டுன எவர்சில்வர் தட்டு. எட்டாவது செவுத்துல ஒரு பேப்பர் கட்டிங் ஒட்டி இருக்கு, பக்கத்துப் பச்சைமலைல இருந்து ஒரு பழங்குடிப் பொண்ணு ஜேஇஇ எழுதி 2024-ல திருச்சி என்ஐடில சேந்த செய்தி. கல்வி அலுவலர் அதக் காட்டித்தான் பேசுனாரு, அந்த மலை இந்த மலைல இருந்து தெரியுதுன்னாரு. புள்ளைங்க நெசமாவே திரும்பிப் பாத்துச்சு.

கடைசியா டீச்சர் மைக்க வாங்கி இன்னொரு பரிசு இருக்குன்னு சொல்லி எட்டாவதுல ஒரு பையனக் கூப்ட்டாங்க. அவனுக்கே தெரியல, பக்கத்துல இருக்கறவன் தள்ளிவிட்டான். மார்க் ரொம்ப கம்மி, விளையாட்டுலயும் பரிசு இல்ல. ஆறாவது படிக்கறப்ப அப்பா அம்மாவோட கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயி ஒரு பருவம் முழுக்க வரல. ஸ்கூல் ரெஜிஸ்டர்ல நீண்ட நாள் வராதவன்னு போட்டு எடுத்திருக்கலாம். டீச்சர் அவங்க மேஸ்திரி நம்பர எங்கயோ தேடிப் புடிச்சு வாரா வாரம் போன் பண்ணி, கடைசியா தாத்தாவ விட்டுக் கூட்டியாந்திருக்காங்க. "இவன் திரும்பி வந்தான், வந்து எட்டாவது முடிச்சிட்டான், இந்த வருஷம் என் ஸ்கூல்ல நடந்த பெரிய விஷயம் இதுதான்"னு சொல்லி அதே எவர்சில்வர் தட்டு, அதே மாதிரி பேர் வெட்டுனது, அவன் கைல குடுத்தாங்க. அவங்க தாத்தா கூட்டத்துல எந்திரிச்சு நின்னு துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. நான் அழுதுட்டேன், பக்கத்துல இருந்தவங்களும்தான்.

டீச்சருக்குப் பொன்னாடை போத்தற நேரம் வந்தப்ப அவங்க எந்திரிக்கல. ஆயாம்மா எங்கன்னு கேட்டாங்க. ஆயாம்மா சமையக்கட்டுல சாப்பாட்டு வேலைல இருந்தாங்க, அன்னைக்கும் எல்லாருக்கும் அவங்கதான் சமையல். பொம்பளப் புள்ளைங்க ஓடிப் போயி கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சு, கையெல்லாம் மஞ்சப் பொடி, மேடை ஏற மாட்டேன்னு நிக்கறாங்க. டீச்சர் எறங்கிப் போயி கூட்டியாந்து தன் நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு உக்கார வெச்சு, மொத மாலைய அவங்களுக்குப் போட்டாங்க. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, அவங்களும் இந்த ஊர்ல கூலி வேலைக்குப் போற ஒரு அம்மாதான், மைக்ல பேசி எனக்குப் பழக்கமில்லீங்கன்னு ஆரம்பிச்சு, எம்பொண்ணு காலைல கூழ் குடிச்சுட்டுப் பரீட்சை எழுதிருக்கான்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு ஆயாம்மா கால்ல விழுந்துட்டாங்க.

டீச்சருக்கு பென்சன் வரும், நல்லபடியா வாழ்வாங்க. ஆயாம்மாவுக்கு மாசாமாசம் சின்னதா ஒரு சிறப்பு ஓய்வூதியம்தான். வேன்ல வந்த பழைய மாணவருங்க நாங்க சாயங்காலமே உக்காந்து பேசி, டீச்சருக்குன்னு சேத்த மோதிரப் பணத்தப் பாதியா பிரிச்சோம். டீச்சர்தான் அப்படிச் செய்யச் சொன்னாங்க, இல்லன்னா மோதிரமே வாங்க மாட்டேன்னுட்டாங்க.


சனி மதியம், சோளக்காடு பஸ்ஸுக்குக் காத்திருக்கறப்ப

இன்னைக்கு ஸ்கூல் லீவு, ஆனாலும் டீச்சர் மொத பஸ்ல வந்துட்டாங்க. சாவி, ரெஜிஸ்டர், ஸ்மார்ட் போர்டு, சத்துணவு அரிசி இருப்பு எல்லாம் அடுத்து பொறுப்பு பாக்கப் போற சார்கிட்ட எண்ணிக் குடுத்தாங்க. அவரு வயசு சின்னது, ஆனா கவனமா எழுதிக்கிட்டாரு, எனக்கு அவரப் பாத்ததும் நம்பிக்கை வந்துச்சு.

அதவிட ரொம்ப நேரம் ஓடுனது அந்த நீள நோட்டுக்குத்தான். நேத்து விழாவுக்கு வந்த உயர்நிலைப் பள்ளி ஹெச்எம் சாருக்கு ஒரு நகல் குடுத்துட்டாங்க. புது சாருக்கு ஒவ்வொரு பேரா விளக்கினாங்க. மாற்றுச் சான்றிதழ் போட்டதும் புள்ள பேரு எமிஸ்ல, அதாவது பள்ளிக்கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவுல, காமன் பூலுங்கற பொதுப் பட்டியலுக்குப் போயிரும், அடுத்த ஸ்கூல் எடுத்துக்கற வரைக்கும் அங்கயே கெடக்கும். ஜூன்ல வாரம் ஒருக்கா தொறந்து பாருங்க சார், நம்ம புள்ள பேரு அதுல நின்னுச்சுன்னா அது எந்த ஸ்கூல்லயும் இல்லன்னு அர்த்தம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிருங்கன்னாங்க. என்எம்எம்எஸ் பாஸ் பண்ணுனதாலயே பணம் வந்துறாது, ஒம்பதாவது சேந்து தேசிய உதவித்தொகைத் தளத்துல பதிவு பண்ணணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், ஆதார் இணைச்ச கணக்கா இருக்கணும். மூணு பேர்ல உறைவிடப் பள்ளிக்குப் போற பொண்ணு போக மீதி ரெண்டு பேருக்கு இந்த வேலை இருக்கு. அதுல ஒருத்தனுக்கு ஆதார்ல அப்பா பேரு தப்பா இருக்கு.

நோட்டுல காலியா இருந்த நாலு கட்டத்துல இன்னைக்கு மூணு ரொம்பிருச்சு. எவர்சில்வர் தட்டு வாங்குன பையன் செம்மேட்டுல விடுதில தங்கி ஒம்பதாவது சேர்றான், தாத்தாவே கையெழுத்துப் போட்டுட்டாரு. நாலாவது ஒரு பொண்ணு, அவங்க வீட்ல பூட்டு தொங்குது, புதன்கெழமயே கெளம்பிட்டாங்களாம், பக்கத்து வீட்ல கேரளா போன் நம்பர் வாங்கிருக்கோம். கூப்ட்டுப் பாத்தோம், ரிங் போகுது, எடுக்கல. டீச்சர் நாளைக்கு மறுபடி கூப்டறேன்னு சொன்னாங்க, நானும் அந்த நம்பர எழுதி வெச்சுக்கிட்டேன். ஆதார் திருத்தற பையன நாமக்கல் கூட்டிட்டுப் போற வேலைய நான் எடுத்துக்கிட்டேன், ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின வாரம் லீவு போட்டு வர்றேன்.

பஸ் வந்துருச்சு.